காவிரிக் கரையில் எந்த மாதம் எதற்குப் போகலாம்?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டில் மனைவி, எட்டு வயதில் ஒன்றும் பன்னிரண்டு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள், கூடவே சங்கீத ஞானமுள்ள மாமியார். அங்கே டிசம்பர் வந்தால் சபா சபாவாக ஏறி இறங்குவீர்கள், கோடையில் நாடகம், பொருட்காட்சி. இங்கே வந்து பார்த்தால் சபாவையே காணோம், வருஷத்தில் எப்போது எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டிசம்பரை மறந்துவிடுங்கள். டிசம்பரில் இங்கே மழை, புயல் பயம், வயலில் சம்பா. வித்வான்களெல்லாம் நீங்கள் விட்டு வந்த ஊரில் இருப்பார்கள். டெல்டாவில் சீசன் தொடங்குவது தையில், அறுத்த நெல் களத்துக்கு வந்த பிறகு. மாசி, பங்குனி, சித்திரை என்று ஏறிக்கொண்டே போய் வைகாசியில் முடியும். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் மறுபடி வயலுக்கு இறங்கிவிடும். தை முதல் வைகாசி வரை கையில் கொஞ்சம் காசு இருக்கும், வயல் காய்ந்து கிடப்பதால் கொட்டகை போட இடம் இருக்கும், காலையில் நாற்று நடப் போக வேண்டியதில்லை என்பதால் ராத்திரி கண்விழிக்கவும் ஆள் இருக்கும். இங்கத்திய கூத்தும் கச்சேரியும் இந்தக் கணக்கில் வளர்ந்தவைதான்.

இன்னொன்று, சபாவைத் தேடாதீர்கள். சன்னதித் தெரு, தேரடி, ஆற்றங்கரை, இவைதான் இங்கே அரங்கம். டிக்கெட் கிடையாது, சீட் நம்பர் கிடையாது, ‘ஏழு மணி’ என்று போட்டிருந்தால் அது எட்டரை. தேதியும் நட்சத்திரம், திதி பார்த்து வருவது, அதனால் வருஷா வருஷம் நகரும். தினசரிக் காலண்டரில் ஆயில்யம், விசாகம், சிவராத்திரி எந்தக் கிழமை வருகிறது என்று வருஷ ஆரம்பத்திலேயே பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்குக் கோயில் வாசலில் ஒட்டும் மஞ்சள் நோட்டீஸைப் பார்த்தால் போதும். யார் நாகஸ்வரம், யார் தவில், எந்த மண்டகப்படியில் என்ன நிகழ்ச்சி, எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும்.

பொங்கலில் தொடங்குகிறேன். மாட்டுப் பொங்கலன்று தஞ்சாவூர் பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு வகைகளால் அலங்காரம். கத்திரிக்காயும் முள்ளங்கியும் மாலையாகத் தொங்குவதைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்துப் பார்ப்பார்கள். காணும் பொங்கலுக்குப் பூம்புகார் போகலாம் என்பார்கள். கூட்டம் தாங்காது, வேறொரு நாள் போங்கள்.

உங்கள் மாமியாருக்காக வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், அது திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி. தியாகராஜர் 1847-ஆம் வருஷம் சித்தியடைந்த திதி. பெரும்பாலும் ஜனவரியில் வரும். 2025-இல் 18-ஆம் தேதி, 2024-இல் 30-ஆம் தேதி. சில வருஷம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடும். அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் பந்தலுக்குள் இருக்க வேண்டும். காவிரிக் கரையில் சமாதி, அதற்கு முன்னால் பெரிய கொட்டகை, தரையில் விரிப்பு. பாடுகிறவர்கள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக எதிரெதிரே வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். டிவியில் நீங்கள் பார்த்த முகங்களுக்குப் பத்தடி பின்னால் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். முதலில் புல்லாங்குழலில் பைரவி. அப்புறம் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் தியாகராஜரின் ஐந்து கிருதிகள், நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாக. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுருதி சுத்தம் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். இத்தனை பேர் பாடும்போது ஓரங்களில் பிசிறு இருக்கத்தான் செய்யும். வராளி சரணங்களில் பின்வரிசை கொஞ்சம் பின்தங்கும், முன்வரிசை இழுத்துப் பிடிக்கும். எனக்கு அந்த இழுபறிதான் பிடிக்கும்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். அந்தச் சமாதியைக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொந்தச் சொத்தைப் போட்டு. ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று அன்று இருந்த கட்டுப்பாட்டை எதிர்த்து, பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தவரும் அவர்தான். அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது, கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

பஞ்சமியன்று கூட்டம் ஒத்துவராது என்றால் அதற்கு முந்தைய நாட்களில் ஒரு மாலை போங்கள். விழா ஐந்து நாள். காலையிலிருந்து ராத்திரி வரை ஆளுக்குக் கால் மணி, இருபது நிமிஷம் என்று கச்சேரி மாறி மாறி நடக்கும். பெயர் பெற்றவரும் முதல்முறை மேடையேறுகிற பிள்ளையும் அடுத்தடுத்து வருவார்கள். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டினால் பின்பக்கம் காவிரிப் படித்துறை இருக்கிறது. திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்கிக் கொடுங்கள். பாசிப்பருப்பு அல்வாதான், ஆனால் திருவையாற்றில் சூடாகத் தின்ன வேண்டும்.

மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி என்ற நாட்டிய விழா. சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கியது. பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று பரவிவிட்டது. நேரம் இருந்தால் சிதம்பரம், பிள்ளைகளோடு என்றால் பெரிய கோயில். விமானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்கவே போகலாம். குழு குழுவாக வருவார்கள், மூன்றாவது குழுவில் சின்னவன் தூங்கிவிடுவான், பரவாயில்லை, புல்தரையில் படுக்க விடுங்கள். மாசி மகம் உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மகாமகம் அடுத்தது 2028-இல். அந்த வருஷம் உறவுக்காரர்கள் எல்லாம் உங்கள் வீட்டில்தான் தங்குவார்கள் என்பதை இப்போதே மனைவியிடம் சொல்லி வையுங்கள்.

பங்குனி வந்தால் எதை விடுவது என்று தெரியாது. கும்பகோணத்திலிருந்து பத்துக் கிலோமீட்டரில் நாச்சியார்கோவில். கல் கருடனைச் சன்னதியிலிருந்து தூக்கும்போது நாலு பேர். அடுத்த வாசலில் எட்டு, அப்புறம் பதினாறு, முப்பத்திரண்டு, வெளியே வரும்போது அறுபத்து நாலு. திரும்பிப் போகையில் அதே கணக்கில் ஆள் குறைந்துகொண்டே போவார்கள். எடை ஏறுகிறது என்பது நம்பிக்கை. உங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அது எப்படி முடியும் என்று வாதாடும், வாதாடட்டும். தூக்குகிறவர்களின் தோளையும் கால் வைப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தால் வாதம் சற்று நேரம் நிற்கும். மார்கழியிலும் இது உண்டு, பங்குனியில் விட்டால் அப்போது பிடிக்கலாம்.

மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமிக்குப் பங்குனியில் பதினெட்டு நாள் உற்சவம். அதில் வெண்ணெய்த்தாழி அன்று போங்கள். பெருமாள் தவழும் கிருஷ்ணனாக வெண்ணெய்க் குடத்தோடு பல்லக்கில் வருவார், வழி நெடுக ஜனங்கள் வெண்ணெயை அவர்மேல் எறிவார்கள். தெருவெல்லாம் வெண்ணெய் விற்பனை. பிள்ளைகள் சாமி மேல் எதையாவது எறியலாம் என்று பெரியவர்களே சொல்லும் நாள் வேறு ஏது? பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள், அந்தக் கறை போகாது.

திருவாரூர் ஆழித்தேர் பங்குனி ஆயில்யத்தில் ஓட வேண்டும் என்பது மரபு. தொண்ணூற்றாறு அடி உயரம், சுமார் 300 டன். திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, பின்னாலிருந்து புல்டோசர் தள்ளும், முன்னால் வடம் பிடித்து ஜனம் இழுக்கும், சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ‘ஆரூரா, தியாகேசா’ என்ற சத்தத்தோடு தேர் ஒரு முறை குலுங்கி நகரும்போது தரை அதிர்வது காலில் தெரியும். பிள்ளைகளை வடத்தின் பக்கம் விடாதீர்கள். தேர் திரும்பும் முனைகளில் நிற்கவே வேண்டாம், நேர் வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையோ மாடியோ கேட்டால் கொடுப்பார்கள். கோடையில் அதே ஊரில் கமலாலயத்தில் தெப்பம். ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்று சொல்வார்கள், அவ்வளவு பெரிய குளம். தெப்பத்தின் மேலேயே கச்சேரி நடக்கும், தண்ணீருக்கு மேல் பாட்டு மிதந்து வரும். மாமியாரைக் கரையில் உட்கார வைத்துவிட்டால் அவர் எழுந்து வர மாட்டார். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர் என்பதை அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரையில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் தேர் நாலு ராஜ வீதியிலும் வரும். நூறு வருஷத்துக்கு மேல் ஓடாமலிருந்து, புதுத் தேர் செய்து 2015-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. எனக்கு அதைவிடத் திருவையாற்று ஏழூர் விழா. சித்திரை விசாகத்தில் ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போவார். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் கூட வரும். ஆற்று மணலில் இறங்கி ஏறிக் கூடவே நடக்கிறவர்கள் உண்டு. வழியெல்லாம் நீர்மோர், பானகம், புளியோதரை. உங்களை முழுக்க நடக்கச் சொல்லவில்லை. மறுநாள் எல்லாப் பல்லக்குகளும் திருவையாற்றில் வந்து சேரும்போது தேரடிக்குப் போங்கள். அங்கே ஒரு பொம்மை ஒவ்வொரு பல்லக்கின் மேலும் பூப்போடும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதற்குத்தான் அந்த ஜனக்கூட்டம், தோளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பொம்மையின் கை அசைகிற வரை மூச்சை அடக்கிக்கொண்டு.

இப்போது நாடகம். சென்னை சபா நாடகம், அதாவது சோபா போட்டு இரண்டு மணி நேரம் சிரிக்க வைப்பது, இங்கே அபூர்வமாகத்தான் வரும். அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வைகாசியில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, பாபநாசம் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா. சில வருஷம் அது சித்திரைக் கடைசியிலேயே வந்துவிடும். நாடகம் தெலுங்கில், எழுதியவர் அவ்வூர் வெங்கடராம சாஸ்திரி, பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். தெலுங்கா என்று பின்வாங்காதீர்கள். பிரகலாதன் கதை தெரியாதவர் யார்?

வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் மேடை. பெருமாள் ஒரு கோடியில் நாடகம் பார்க்க எழுந்தருளியிருப்பார், மேடை மறு கோடியில், நடுவில் தெருவில் நாம். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் கோணங்கி வந்து குதிப்பான். அப்புறம் பிள்ளையார் முகமூடி போட்ட சிறுவன். பிறகு ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு பாட்டோடு, ஆடிக்கொண்டே நுழையும். பிரகலாதனின் தாய் லீலாவதியாக வேஷம் கட்டியவர் மகனுக்காகக் கலங்கும்போது அவர் ஆண் என்பது மறந்துபோகும். இந்த நுழைவுகளும் நடுவில் வரும் நீண்ட பாட்டுகளும் மெதுவாகத்தான் போகும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பாயில் தூங்கட்டும். விடியற்காலை தூண் காட்சிக்கு எழுப்பிவிடுங்கள். நரசிம்ம முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது, அதை அணிபவர் விரதமிருந்து வருவார். அவர் ஆவேசத்தோடு இரணியன் பக்கம் பாயும்போது ஆட்கள் பிடித்து நிறுத்துவார்கள். உங்கள் எட்டு வயதுப் பிள்ளை மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். பிடிவாதமாகக் கடைசி வரை பார்க்கவும் செய்யும். மெலட்டூருக்கு முடியவில்லை என்றால் சாலியமங்கலம், உங்களுக்கு இன்னும் பக்கத்தில் தேப்பெருமாநல்லூர். தமிழில்தான் வேண்டும் என்றால் ஒரத்தநாட்டுப் பக்கம் ஆர்சுத்திப்பட்டு, நார்த்தேவன்குடிக்காடு ஊர்களில் இதே இரணியன் கதையைக் கிராமத்தாரே நாடகமாகப் போடுகிறார்கள். அது வேறு வேகம், வேறு சத்தம். எனக்குக் கேட்டால் இரண்டையும் ஒரே கோடையில் பாருங்கள் என்பேன்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கோடைக் கோயில் விழாக்களில் வள்ளி திருமண நாடகம் வரும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், பபூன் எல்லாம் உண்டு. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை மாமியார் ரசிப்பார். பபூன் காமெடி ராத்திரி ஏற ஏறப் பச்சையாகிவிடும், பிள்ளைகள் தூங்கிய பிறகு என்றால் சரி. தஞ்சாவூரில் பங்குனி வாக்கில் கோடியம்மன் கோயில் பச்சைக்காளி, பவளக்காளி ஆட்டமும் உண்டு. இரண்டு காளிகளும் வீதி வீதியாக வருவார்கள், பயந்த பிள்ளை என்றால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஆடி முதல் மார்கழி வரை அடர்த்தி குறைவு. ஆனாலும் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் தண்ணீர் இருந்தால் படித்துறைக்குப் போங்கள், காதோலை கருகமணி, மஞ்சள் நூல், கட்டுச்சோறு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அன்று சின்னச் சப்பரம் கட்டித் தெருவில் இழுப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கிருஷ்ண ஜயந்திக்கு வரகூர் உறியடியும் வழுக்கு மரமும். அந்த ஊருக்கு நாராயண தீர்த்தரின் பாட்டும் உண்டு என்பதால் மாமியாரும் வருவார். வேளாங்கண்ணி விழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. இது ஒன்றுதான் தேதி மாறாத பெருவிழா. கடைசி இரண்டு நாள் கூட்டம் பயங்கரம், நடுவில் ஒரு வார நாள் பாருங்கள்.

ஐப்பசிச் சதயத்தில் ராஜராஜன் பிறந்த நாள் விழா, பெரிய கோயிலில். யானை மேல் திருமுறை ஊர்வலம், ஓதுவார்கள், ராத்திரி நாட்டியம். மழை வந்து கெடுக்கிற வருஷங்களும் உண்டு, குடை எடுத்துப் போங்கள். அதே மாதக் கடைசி நாள் மயிலாடுதுறையில் கடைமுகம் என்ற காவிரி நீராடல், ஆற்றுத் துறையில் கடைவீதி களைகட்டும். நாகூர் தர்காவின் கந்தூரி விழா ஹிஜ்ரிக் கணக்கில் வருவதால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2024-இல் டிசம்பர் தொடக்கத்தில் கொடியேறியது. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்படும் ராத்திரியில் விளக்குச் சோடித்த ரதங்களும் பாட்டும் கொட்டுமாகக் கடற்கரைச் சாலை விழித்திருக்கும். மார்கழியில் கச்சேரிக்குப் பதில் பஜனை. உங்கள் ஊரைச் சுற்றி மருதாநல்லூர், கோவிந்தபுரம், திருவிசநல்லூர் என்று நாமசங்கீர்த்தன ஊர்கள். குத்துவிளக்கைச் சுற்றி ஆடிப் பாடும் திவ்யநாமத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், எழுந்து கூட ஆடுவார்கள்.

தரையில் உட்காரவே முடியாது, ராத்திரி விழிக்கவே முடியாது என்றால் தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிகளைக் கவனியுங்கள். கரகம், பொய்க்கால் குதிரை, தப்பாட்டம், வெளி மாநில ஆட்டங்கள், எல்லாம் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். ‘சலங்கை நாதம்’ அவர்களுடைய பெரிய விழா, கைவினைக் கடைகளும் இருக்கும். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், நாளிதழின் தஞ்சாவூர்ப் பதிப்பில் வந்துவிடும்.

நாகஸ்வரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டீஸில் அது தலைப்பாக வராது. சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது வாகனத்துக்குப் பின்னால் போகாதீர்கள், முன்னால் தவிலுக்குப் பக்கத்தில் நடங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மணிக்கணக்கில் நின்று கேட்ட ஜனங்களின் பேரன்கள் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். நல்ல வாசிப்புக்கு இன்றும் கூட்டம் நகராது, சாமி காத்திருக்கும். வாத்தியம் செய்கிற நரசிங்கம்பேட்டை உங்களிடமிருந்து மயிலாடுதுறை போகும் வழியில்தான். ஆச்சா மரத்தைக் கடைந்து துளை போடுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்டலாம், பட்டறையில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, திரும்பி வருவது. இந்த ஊர்களுக்குப் போக பஸ் உண்டு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் வர பஸ் இல்லை. மெலட்டூர், தெப்பம், சந்தனக்கூடு இவற்றுக்கு வண்டி பேசிக்கொண்டு போங்கள், அல்லது முதல் பஸ் வரை இருப்பது என்று தீர்மானித்துவிட்டுப் போங்கள். ஒரு பாய், ஒரு ஃபிளாஸ்க் காபி, பிள்ளைகளுக்கு ஒரு போர்வை. மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரமாகப் போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.